தோட்டத்து அருங்காட்சியகத்தில் பருவநிலைக்கு இடம் உண்டா?

கேள்வி
எழுதியவர்: ஆயாக்கொட்டகை ஆசிரியை (பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்)

அனைவருக்கும் வணக்கம். பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போய்விட்டன. கோயிலும் ஆயாக்கொட்டகையும் மட்டும் நிற்கின்றன. தாய்மார்கள் ரப்பர் பால் வெட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்சென்ற அந்தக் கொட்டகையை ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சிறு அருங்காட்சியகமாக மாற்றப் போகிறோம். பால் உளி, பால் வடியும் மங்கு, வாளி, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, நெற்றி விளக்கு, பெரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) அடித்த தண்டவாளத் துண்டு எனப் பொருள்கள் வீடு வீடாக வந்து சேர்கின்றன. எங்கள் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை உருவாக்கினார். ஆகவே ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய வரலாற்றையும் சொல்ல நினைக்கிறோம்.

ஒரு சுவரையாவது பருவநிலை மாற்றத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம். குழுவில் ஆதரவில்லை. “நம் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டைச் சொல்ல வந்த இடத்தில் வானிலை அறிக்கை எதற்கு?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். பிறந்ததிலிருந்து அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர் அவர். அவருடைய கேள்வியைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் என் மாணவர்களைப் பார்க்கிறேன். பருவநிலை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பனிக்கரடியில் தொடங்கிப் பனிப்பாறையில் முடிக்கிறார்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் இவர்களில் சிலருடைய வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது; மெத்தையும் பள்ளிப் புத்தகமும் போயின. புகைமூட்டம் வந்த நாள்களில் பள்ளியை மூடியதும் இவர்களுக்கு நினைவிருக்கிறது. கட்டுரையில் மட்டும் இவை வருவதே இல்லை. பருவநிலை என்பது வேறு யாருக்கோ, வேறெங்கோ நடப்பது என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. இது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

ஒரு சிறு ஊரின் அருங்காட்சியகம் இதை எப்படி மாற்ற முடியும்? வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடாமல், திரும்பிப் போய் ஏதேனும் ஒன்றைச் செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1
எழுதியவர்: பழைய கிராணி

அம்மா, வணக்கம். ரப்பர், செம்பனை இரண்டிலும் கிராணியாக (தோட்ட அலுவலக எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மூத்தவருக்கு என் பதில் இது: நம் பாட்டன் பட்ட பாட்டில் ஒரு பெரும் பங்கு தோட்டத்து மழைப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்ட அலுவலகத்துக்குப் பின்னால், மரநிழலும் கூரையும் எட்டாத புல்தரையில் மழைமானி ஒன்று நிற்கும். ஓர் உலோக உருளை, அதன் வாயில் ஒரு புனல், உள்ளே நீர் சேரும் கலம். காலையில் அதில் சேர்ந்ததை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஞாயிறு, தீபாவளி என்று அந்த வேலைக்கு விடுமுறை கிடையாது. துரைக்கு (தோட்ட நிர்வாகிக்கு) அந்த எண் தேவைப்பட்டது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் ஒழுங்காக இறங்காமல் மரமெங்கும் பரவி வழிந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் மங்கில் இருக்கும் பால் கெட்டுவிடும். ஆகவே மழைக் கணக்கு என்பது தோட்டத்தின் வருமானக் கணக்கு.

தொழிலாளிக்கும் அது வருமானக் கணக்குதான். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு வந்தவர்கள் தூறலில் நிற்பார்கள். வானத்தை ஒரு பார்வை, துரையை ஒரு பார்வை. “இன்றைக்கு வெட்டு இல்லை” என்றால் அந்த வாரச் சாமானுக்கு என்ன செய்வது என்று பெண்கள் அங்கேயே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். அந்த முகங்களை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்.

அதனால் என் யோசனை இது. கொட்டகையின் நடுவில் ஒரு மேசை போடுங்கள். அதில் மழைப் புத்தகத்தை வையுங்கள். பக்கத்தில் அதே மாதத்துச் செக்ரோல், அதாவது ஆள்வருகைப் பதிவேடு. அதற்குப் பக்கத்தில், கிடைத்தால், அதே மாதத்து மளிகைக் கடைப் பற்றுப் புத்தகம். மூன்றையும் ஒரே தேதிக்குத் திறந்து வையுங்கள். முதலாவதில் மூன்று அங்குல மழை பதிவாகியிருக்கும். இரண்டாவதில் அன்றைய கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். மூன்றாவதில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கடன் ஏறியிருக்கும். வானிலைக்கும் வயிற்றுக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. உங்கள் மூத்தவரே வந்து பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வார்.

செம்பனை வேறு மாதிரி. அது வறட்சிக்கு உடனே பதில் சொல்லாது. ஒரு பூங்கொத்து ஆணாகுமா பெண்ணாகுமா என்பது குலை பழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தண்ணீருக்குத் தவிக்கும் மரம் குலை தராத ஆண் பூவை அதிகமாக விடும். கடுமையான வறட்சி முடிந்து, மழை நன்றாகப் பெய்து, எல்லோரும் மறந்துபோன பிறகு குலை குறையும். குலை எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு ஏன் குறைந்தது என்றே தெரியாது. மழைப் புத்தகத்தையும் அறுவடைக் கணக்கையும் இரண்டு ஆண்டு தள்ளி ஒப்பிட்டால்தான் புரியும். இதையும் ஒரு பலகையில் காட்டலாம். மூத்த மாணவர்களுக்கு நல்ல கணக்குப் பாடம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தின் சில ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு “பருவநிலை மாறிவிட்டது பாருங்கள்” என்று எழுதிவிடாதீர்கள். வானிலைத் துறையினர் ஓர் இடத்தின் இயல்பான மழையைச் சொல்வதற்கு 30 ஆண்டுச் சராசரியை எடுக்கிறார்கள். ஒரு வெள்ளமோ ஒரு வறட்சியோ தனியாக எதையும் நிறுவாது. பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும், பிந்தியவை மில்லிமீட்டரில் இருக்கும், 25.4-ஆல் பெருக்காமல் இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் நாடே வெள்ளத்தில் மூழ்கியதுபோல் தெரியும். நேர்மையாகக் காட்டினால்தான் மக்கள் நம்புவார்கள்.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் ராஜா மூசா வனக் காப்பகம் இருக்கிறது. கரிச்சதுப்பு நிலம், அதாவது முழுதும் மக்காத செடிகொடிகள் நீரில் சேர்ந்து உருவான மண். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அந்த மண் காற்றோடு கலந்து மக்கி அமிழ்ந்துகொண்டே போகும். தொடக்கத்தில் வேகமாக, பிறகு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராக. மக்குகிறதெல்லாம் கரியமில வாயுவாக மேலே போகிறது. காய்ந்த காலத்தில் தீப்பிடித்தால் மண்ணுக்குள்ளேயே கனன்று புகையும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள இந்த நிலங்கள், மண்ணில் இருக்கும் கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கின்றன. சதுப்பு நிலத் தோட்டங்களில் வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் செம்பனைகளை எல்லோரும் பார்த்திருப்போம். அப்படி ஒரு மரத்தின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, பழைய நிலமட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். குழந்தை அதன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

மழைப் புத்தகங்கள் வேகமாக அழிகின்றன, அம்மா. நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நிலம் கைமாறியபோது அலுவலகத்துப் பேரேடுகளை வெளியே குவித்து எரித்தார்கள். ஒரு தலைமுறை மழையும் கூலியும் ஒரே மாலையில் சாம்பலாயின. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.

பதில் 2
எழுதியவர்: காப்பறை (கோலாலம்பூர்)

ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். கிராணி ஐயா சொன்னதைப் படித்து மகிழ்ந்தேன். உலகத்துப் பெரிய அருங்காட்சியகங்கள் செய்வதும் இதே வேலைதான். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கு முன் சேகரித்த பறவை முட்டைகள் தேதியிட்ட சீட்டுகளோடு இருந்தன. அவற்றை இன்றைய கூடுகளோடு ஒப்பிட்டவர்கள், ஆராய்ந்த இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்போது சராசரியாக 25 நாள் முன்னதாக முட்டையிடுகின்றன என்று 2022-இல் வெளியிட்டார்கள். அன்று முட்டை சேகரித்தவர் எவரும் பருவநிலையை நினைத்திருக்கமாட்டார். தேதியை ஒழுங்காக எழுதி வைத்தார், அவ்வளவுதான். உங்கள் தோட்டத்து மழைப் புத்தகத்தின் மதிப்பும் அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது. உலக அருங்காட்சியகப் பேரவை 2022-இல் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறையில் நிலைத்தன்மையை வளர்ப்பதும் அருங்காட்சியகத்தின் பணியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. குழுவில் யாராவது “இது நம் வேலையா?” என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

நடைமுறைக்கு வருகிறேன். புத்தகம் கையில் வந்த அன்றே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. அந்தச் சூடும் பசையும் காகிதத்தைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. மேசையில் நகலை வையுங்கள், மூலத்தை வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் வையுங்கள். செக்ரோலில் இருப்பவை உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயர்கள். குடும்பத்தாரின் சம்மதம் கிடைக்கும்வரை பெயர்ப் பத்தியை மறைத்துவிடுங்கள். பற்றுப் புத்தகத்தில் இது இன்னும் முக்கியம். கடன் வாங்கியதை ஊரார் பார்ப்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

முதியவர்களிடம் நினைவுகளைப் பதிவு செய்யும்போது “வெள்ளம் எந்த ஆண்டு வந்தது?” என்று கேட்காதீர்கள். மூத்த மகள் பிறந்த பிறகா, தீமிதிக்கு முன்பா, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகா என்று கேளுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்றால் கையை வைத்துக் காட்டச் சொல்லி அந்தச் சுவரிலேயே அளந்துகொள்ளுங்கள். அதை மழைப் புத்தகத்தோடு பொருத்தினால் தேதி தானாக வந்துவிடும்.

நிலத்துக்கு உரிமையான நிறுவனம் பண உதவி செய்ய முன்வரலாம். வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூரைக்கும் மின்சாரத்துக்கும் பணம் வேண்டும். ஆனால் எதைக் காட்டுவது, என்ன எழுதுவது என்பதில் நிதி தருபவருக்குப் பங்கில்லை என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். லண்டனின் டேட் கலைக்கூடத்தில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 2017-இல் அந்த ஆதரவு முடிவுக்கு வந்தது. சின்ன இடம் என்பதால் நம்மை யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருந்துவிடக் கூடாது. ஊர்மக்களின் நம்பிக்கையைவிடப் பெரிய சொத்து உங்கள் கொட்டகையில் எதுவும் இருக்கப் போவதில்லை.

பதில் 3
எழுதியவர்: ஆலைக்காரர் மகன் (பேராக்)

டீச்சர், நான் சற்று மாறுபட்டுப் பேசுகிறேன். என் அப்பா செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர். விளக்கை அணையுங்கள், நெகிழிப் பையைத் தவிருங்கள் என்று அறிவுரைப் பலகை மாட்டினால் அவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். திரும்புவதில் நியாயமும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சைக்கிளில் வேலைக்குப் போய், விறகடுப்பில் சமைத்து, எதையும் தூக்கி எறியாமல் வாழ்ந்த மனிதரிடம் போய் நீங்கள் உலகத்தைச் சூடாக்கிவிட்டீர்கள் என்று சொல்லக் கூடாது.

யாரால் எதை மாற்ற முடியும் என்று பிரித்துக் காட்டுங்கள். ஆலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வெளியேறுகிறது. அதைத் திறந்த குளங்களில் விட்டால் அது நொதித்து மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதே குளத்தை மூடி வாயுவைக் குழாயில் பிடித்தால் மின்சாரம் எடுக்கலாம். பல ஆலைகள் இதைச் செய்கின்றன, செய்யாதவையும் உண்டு. “நம் ஊர் ஆலைக் குளம் மூடப்பட்டிருக்கிறதா?” என்று ஒரே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். அதை ஆலை நிர்வாகத்திடம் கேட்கும் உரிமை பக்கத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. ஆற்றங்கரைவரை செம்பனை நட்டது யார், கரையோர மரங்களைக் காக்க வேண்டியது யார் என்பதும் அப்படித்தான். குவாலா சிலாங்கூரில் மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்கள் அந்தக் கரையில்தான் நிற்கின்றன. கரை போனால் அவையும் போகும். நாடு 2030-க்குள் பொருளாதாரத்தின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் வெளியேறும் கரிமத்தை 2005-ஆம் ஆண்டு அளவிலிருந்து 45 விழுக்காடு குறைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கில் நம் ஊர்ப் பங்கு என்ன என்று மக்கள் கேட்க வேண்டும்.

இப்போது குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். நண்பகல் வெயிலில் நீளக் கம்பைத் தூக்கி நிற்பவர்கள் அவர்கள்தான். நம் தாத்தா மழையில் கூலி இழந்தார். இவர்கள் வெயிலில் உடம்பை இழக்கிறார்கள். அவர்களும் படிக்கும்படி மலாயிலும் எழுதி வைத்தால் நம் வரலாற்றுக்கு எந்தக் குறையும் வராது. ஒரு நாள் அவர்களை அழைத்து உட்காரவைத்து, வெயில் எப்போது தாங்க முடியாமல் போகிறது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அதுவும் நாளைக்கு ஓர் ஆவணம்.

பதில் 4
எழுதியவர்: ஆயாக்கொட்டகை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்துக் குழுவில் படித்தேன். மூன்று புத்தக மேசைக்கு எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். மூத்தவர் செக்ரோல் பெயர்களைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். எந்தக் குடும்பத்தை யார் போய்க் கேட்பது என்று அவரே பிரித்துக் கொடுத்தார். ஆலைக் குளக் கேள்விக்கு இன்னும் எதிர்ப்பு இருக்கிறது. பக்கத்து ஆலையில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகள் குழுவில் இருக்கின்றன, அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்வியை நான் விட்டுவிடப் போவதில்லை. ஊர்க் கூட்டத்தில் நிர்வாகத்தாரையே அழைத்து, அவர்கள் முன்னிலையில் மாணவர்கள் கேட்கலாம் என்று ஒரு யோசனை வைத்திருக்கிறேன்.

கொட்டகைக்கு வெளியே ஒரு மழைமானி வைக்கப் போகிறோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முறை வைத்து அளப்பார்கள். 2021-இல் தண்ணீர் ஏறிய மட்டத்தை ஒவ்வொரு வீட்டிலும் அளந்து ஒரு வரைபடம் செய்வார்கள். தூர்ந்துபோன வடிகால்களையும் அதே வரைபடத்தில் குறிப்பார்கள். அதை நகராண்மைக் கழகத்துக்கு ஊர்க் கையெழுத்தோடு கொடுப்போம். ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுப்போம்.

கிராணி ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் தோட்டம் கைமாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன, அலுவலகக் கட்டடமே இல்லை. மழைப் புத்தகத்தை எங்கே தேடுவது?

பதில் 5
எழுதியவர்: பழைய கிராணி

அம்மா, மூன்று இடங்களில் கேளுங்கள். முதலில், அங்கே வேலை பார்த்த கிராணிமாரின் வீடுகள். அலுவலகம் மூடும்போது மனம் கேட்காமல் சில பேரேடுகளை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு; பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாமல் பரணில் கிடக்கும். அடுத்தது, நீர்ப்பாசன வடிகால் துறை. அவர்களுடைய மழை அளவு நிலையங்களில் பல தோட்டங்களின் பெயரிலேயே இருக்கின்றன, தோட்டங்களுக்குள்ளேயே வைக்கப்பட்டவை. உங்கள் தோட்டத்துக்கு இல்லாவிட்டாலும் பக்கத்துத் தோட்டத்தின் கணக்குக் கிடைக்கலாம். பள்ளியின் கடிதத் தாளில் எழுதிக் கேளுங்கள். கடைசியாகக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம்.

கிடைத்ததும் எண்களை மாணவர்கள் கணினியில் ஏற்றட்டும். இருவர் தனித்தனியாக ஏற்றி ஒப்பிட வேண்டும். புத்தகத்தின் அடியில் மாத மொத்தம் போட்டிருக்கும். அதோடு பொருந்தாத மாதத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள், திருத்தாதீர்கள். பழைய கையெழுத்தில் 1-க்கும் 7-க்கும் வேறுபாடு தெரியாத பக்கங்கள் நிறைய இருக்கும். அவற்றைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.